ஏட்டியோசீட்டஸ்: இல்லாததை வாசித்தல்

திமிங்கலங்களை விலங்கியல் இரண்டாகப் பிரிக்கிறது: பல் உள்ளவை, பலீன் உள்ளவை. பலீன் என்பது மேல்தாடையிலிருந்து சீப்புப்போலத் தொங்கும் தகடுகள். நகமும் மயிரும் எதனால் ஆனவையோ அதே கெரட்டின்தான். வாய்நிறையக் கடல்நீரை அள்ளித் தகடுகள் வழியே வெளித்தள்ளினால் சிற்றுயிர்கள் உள்ளே தங்கும். நீலத்திமிங்கலம் இப்படித்தான் பிழைக்கிறது.

இந்த எதிரிணையைக் குலைத்த பிரதி என்று ஏட்டியோசீட்டஸைச் சொல்லலாம். அமெரிக்காவின் ஓரிகன் கடற்கரையில் 1964இல் இதன் மண்டையோட்டைக் கண்டெடுத்தவர் டக்ளஸ் எம்லாங். இருபது வயதைத் தாண்டியிருந்த இளைஞர், தானே கற்றுக்கொண்டவர். 1966இல் அவரே பெயரிட்டார். 'காரணம்' என்று பொருள்தரும் கிரேக்கச் சொல்லைத் திமிங்கலத்தோடு ஒட்டிய பெயர். பல் இருந்ததால் பழந்திமிங்கல வரிசையில் வைத்தார். 1968இல் வான் வேலன் அதைப் பலீன் திமிங்கலங்களின் பக்கம் மாற்றினார். ஆக, பல்லில்லாதவர் குடும்பத்தில் பல்லோடு ஓர் உறவு!

சரி, அதற்குப் பலீன் இருந்ததா? கெரட்டின் மக்கிப்போகும், பாறையில் தங்குவது அபூர்வம். கிடைத்ததெல்லாம் அண்ணத்து எலும்பில், பற்களுக்கு உட்புறமாக, சில சிறு துளைகளும் பள்ளங்களும். இன்றைய திமிங்கலங்களில் இத்தகைய துளைகள் வழியேதான் பலீனுக்கு ரத்தம் போகிறது. எனவே ஒரே வாயில் இரண்டும் இருந்தன என்று 2008இல் டெமரே குழுவினர் வாதிட்டார்கள். ஈறுக்கும்தானே ரத்தம் வேணும் என்பது மறுப்பவர்கள் கேள்வி. பின்னர் எக்டேலும் டெமரேயும் சிடி ஸ்கேன் எடுத்து, பல்லுக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாயோடு அத்துளைகள் உள்ளே இணைவதைக் காட்டினார்கள். அப்போதும் நடப்பது தடத்தைக்கொண்டு இன்மையை வாசிப்பதுதான்.

எனக்கு உறுத்துவது 'இடைக்கட்டம்' என்ற சொல். சுமார் இரண்டரைக் கோடி ஆண்டுகளுக்கு முன் அந்த விலங்கு அந்த வாயோடு முழுசாகத்தான் வாழ்ந்தது. நீலத்திமிங்கலம் வரப்போகுதுன்னு அதுக்கென்ன தெரியும்? முடிவைக் கையில் வைத்துக்கொண்டு பின்னோக்கி எழுதப்படும் வரலாறே அதை முன்னோட்டமாகச் சுருக்குகிறது. (இலக்கிய வரலாற்றுக்காரர்களுக்கும் உள்ள வியாதி.) இத்தனைக்கும் அது இன்றுள்ளவற்றின் நேர்ப் பாட்டன்கூட இல்லை, பக்கவாட்டில் கிளைத்து அழிந்த உறவு என்றே பெரும்பாலும் கருதப்படுகிறது.

அதே ஓரிகனில் கிடைத்து 2018இல் பெயர்பெற்ற மையாபலீனா இதற்கும் மூத்தது, சுமார் 3.3 கோடி ஆண்டு. அதன் வாயில் பல்லுமில்லை, பலீனுக்கான தடயமுமில்லை. உறிஞ்சித் தின்றிருக்கும் என்கிறார்கள். பல் தேயத் தேயப் பலீன் வளர்ந்தது என்ற நேர்கோடு இங்கே சிக்கலாகிறது. இன்றைய பலீன் திமிங்கலங்களின் கருவிலோ பல்மொட்டுகள் இன்னும் அரும்புகின்றன, பிறக்குமுன் கரைந்துவிடுகின்றன.