பூட்டுக்கு மொழி கிடையாது

விரல் படும் இடம் – 9

கடல் மட்டத்திலிருந்து 1,891 மீற்றர் உயரத்தில் இருக்கிறது பட்டிப்பொல. இலங்கையில் இதைவிட உயரமான இடத்தில் வேறு ரயில் நிலையம் கிடையாது. இங்கிருந்து ஒஹிய பக்கம் சற்றுத் தூரம் போனால் பாதை 6,226 அடியைத் தொட்டுவிட்டு ஊவாவை நோக்கி இறங்குகிறது. கொழும்பிலிருந்து ரம்புக்கனை வரை இரட்டைப் பாதை. அதற்கு மேலே பெரும்பாலும் ஒற்றைத் தண்டவாளம்தான். 1924இல் பதுளை வரை போட்டு முடிக்கப்பட்ட இந்தப் பாதையில் போகிற கோச்சிக்கும் வருகிற கோச்சிக்கும் ஒரே தடம். வளைவு, சுரங்கம், பனிமூட்டம் எல்லாம் சேர்ந்த மலையில் இரண்டும் நேருக்கு நேர் முட்டிக்கொள்ளாமல் இருப்பது எப்படி?

கைத்தொலைபேசிச் செயலிகளையும் இணையத்தளங்களையும் வடிவமைக்கும் குழுக்கள் ஊன்றிப் படிக்க வேண்டிய பாடம் இந்தக் கேள்விக்கான விடையில் இருக்கிறது. சென்ற வாரங்களில் பொத்தானின் அளவும் எழுத்தின் பருமனும் பேசப்பட்டன. இந்த வாரத்துப் பொருள், மனிதர் செய்யும் தவறு.

மலைநாட்டுப் பாதையில் இன்றும் புழக்கத்தில் இருப்பது ‘டேப்லட்’ முறை. பட்டிப்பொலயையும் ஒஹியவையும் எடுத்துக்கொள்ளலாம். இரண்டு நிலையங்களிலும் ஒவ்வொரு பெட்டி. இரண்டையும் மின்கம்பி இணைக்கிறது. உள்ளே அந்த இரு நிலையங்களின் பெயரும் பொறித்த வட்டத்தகடுகள். பட்டிப்பொல ஸ்டேஷன் மாஸ்டர் மணியடித்துக் கேட்க வேண்டும். ஒஹியவில் இருப்பவர் தன் பக்கத்திலிருந்து இசைவு கொடுக்க வேண்டும். அப்போதுதான் ஒரு தகடு வெளியே வரும். அது சாரதியின் கைக்கு வந்தால்தான் கோச்சி அந்தத் துண்டுக்குள் நுழையலாம். வெளியே வந்த தகடு ஏதாவது ஒரு பெட்டிக்குள் திரும்பப் போடப்படும் வரை, இரண்டு பெட்டிகளில் எதுவும் இன்னொரு தகட்டைத் தராது. மாஸ்டர் களைத்திருக்கலாம், கவனம் சிதறியிருக்கலாம், அவசரத்தில் இருக்கலாம். பெட்டி திறக்காது. மேடையோரத்தில் பெரிய வளையத்தோடு தோற்பையை நீட்டுவதையும், ஓடும் இயந்திரத்திலிருந்து அதைக் கை பற்றுவதையும் பயணிகள் படம் பிடிக்கிறார்கள். அந்தப் பைக்குள் இருப்பது இந்தத் தகடுதான்.

இந்த ஏற்பாட்டின் பின்னால் ஒரு கோர விபத்து இருக்கிறது. 1874 செப்டம்பர் 10 இரவு, இங்கிலாந்தின் நோர்விச் நகருக்கு அருகே தோர்ப் என்ற இடத்தில், ஒற்றைப் பாதையில் இரண்டு ரயில்கள் மோதி 25 பேர் இறந்தார்கள். எதிரே இருந்த தபால் ரயிலை அனுப்பச் சொல்லும் தந்தி வாசகம் நோர்விச்சில் எழுதப்பட்டிருந்தது. பொறுப்பதிகாரி அதில் இன்னும் கையெழுத்து வைக்கவில்லை. தந்தி எழுத்தர் அதை அனுப்பிவிட்டார். அதிகாரியோ, செய்தி போகவில்லை என்ற எண்ணத்தில் இந்தப் பக்கத்து ரயிலையும் விட்டுவிட்டார். தவறு தெரிந்து ரத்துச் செய்ய முயன்றபோது, தபால் ரயில் புறப்பட்டுவிட்டது என்ற பதில்தான் வந்தது. “இனிக் கவனமாக இருங்கள்” என்று ஊழியருக்குச் சுற்றறிக்கை விடுவதோடு விஷயம் முடிந்திருக்கலாம். எட்வர்ட் டயர் என்ற பொறியியலாளர் வேறு வழியில் யோசித்தார். 1878இல் அவர் உருவாக்கிய டேப்லட் கருவி, அப்படியொரு தவறு நடக்கவே இடம் தராத ஒன்று.

கையெழுத்தாகாத அந்தத் தந்திக்கு 146 ஆண்டுகள் கழித்து, 2020 ஓகஸ்ட் மாதம், சிட்டி வங்கியில் இன்னொரு தவறு நடந்தது. ரெவ்லோன் நிறுவனத்தின் கடனுக்கு ஏறக்குறைய 78 லட்சம் டொலர் வட்டி அனுப்ப வேண்டியிருந்தது. போனது ஏறக்குறைய 90 கோடி டொலர். கடனின் அசல் தொகை வங்கிக்குள்ளேயே தங்க வேண்டுமானால் மென்பொருள் திரையில் மூன்று கட்டங்களை நிரப்ப வேண்டும். நிரப்பியது ஒன்றை மட்டும். இந்தியாவில் இருந்த இரு ஊழியர்களும் அமெரிக்காவில் இருந்த மேலதிகாரி ஒருவரும் என மூன்று பேர் பார்த்து அனுமதித்த பரிமாற்றம் அது. பணம் வங்கியை விட்டு வெளியே போகும், தொடரலாமா என்று திரை கேட்கவும் செய்தது. எவ்வளவு பணம் என்பதை மட்டும் அது சொல்லவில்லை. சுமார் 50 கோடி டொலரைத் திருப்பித் தர முடியாது என்று கடன் கொடுத்தவர்கள் மறுத்தார்கள். 2021இல் நீதிமன்றம் வங்கிக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. 2022இல்தான் மேன்முறையீட்டில் அது மாறியது.

மூன்று சோடிக் கண்கள், ஓர் எச்சரிக்கை. இரண்டும் காப்பாற்றவில்லை. ஒவ்வொரு நாளும் ஒரே மாதிரி எழும் எச்சரிக்கையைக் கண் பார்க்கும், மனம் வாசிக்காது. டொனால்ட் நோர்மன் 1988இல் வெளியிட்ட, அன்றாடப் பொருள்களின் வடிவமைப்பைப் பற்றிய நூலில் இதை விரிவாகப் பேசினார்: மனிதர் தவறுவது இயல்பு, அதை எதிர்பார்த்து வடிவமைப்பது பொருளைச் செய்பவரின் கடமை. திரை வடிவமைப்புக்காக ஜேக்கப் நீல்சன் 1994இல் தொகுத்த பத்து விதிகளிலும் தவறை முன்கூட்டியே தடுப்பது தனி விதியாக இருக்கிறது.

மலையகத்துக்கு இந்த விதி இன்னும் நெருக்கமானது. தோட்டத்தில் ஒரு குடும்பத்துக்கே ஒரு போன் என்பது புதிதல்ல. செயலி ஆங்கிலத்தில் பேசும், சில வேளை சிங்களத்தில். தமிழைத் தெரிவுசெய்தாலும் பிழைச் செய்தி மட்டும் ஆங்கிலத்தில் வந்து நிற்பதுண்டு. அம்மா கேட்பார், பிள்ளை வாசிப்பான். பிள்ளை பள்ளிக்கூடம் போயிருந்தால் டவுனில் உள்ள ரீலோட் கடைதான் கதி. வாசிக்க முடியாத எச்சரிக்கை யாரையும் காக்காது. டேப்லட் பெட்டியைப் போன்ற பூட்டுக்கு மொழி கிடையாது. கோச்சி ஓடாத நாளைத் தொடவே விடாத நாட்காட்டி, எந்த மொழிக்காரரையும் தவறான நாளுக்குப் பயணச்சீட்டு எடுக்க விடாது.

தேசிய அடையாள அட்டை இலக்கம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பழைய அட்டையில் ஒன்பது இலக்கமும் வி அல்லது எக்ஸ் எழுத்தும். புதிய அட்டையில் 12 இலக்கம். இரண்டிலும் பிறந்த ஆண்டும், அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பதும் அடங்கியிருக்கின்றன. பெண்ணாக இருந்தால் நாள் எண்ணோடு 500 கூட்டப்பட்டிருக்கும். அப்படியானால் இலக்கத்தை வாங்கிய படிவம், பிறந்த தேதியையும் பாலினத்தையும் மறுபடி ஏன் கேட்க வேண்டும்? நாள் எண் 400 என்று வந்தால் அது தட்டச்சுப் பிழை என்பதை அந்த இடத்திலேயே சொல்லிவிடலாம். சிறிய எழுத்தில் வி போட்டதற்காகவோ இடையில் ஓர் இடைவெளி விழுந்ததற்காகவோ படிவத்தைத் திருப்பி அனுப்புவது, இயந்திரம் செய்ய வேண்டிய வேலையை மனிதர் தலையில் கட்டுவதாகும்.

நாடே பயன்படுத்திய உதாரணமும் உண்டு. 2022 ஜூலையில், பெற்றோல் செட்டுகளில் வரிசை நீண்டு கிடந்த நாட்களில், தேசிய எரிபொருள் அனுமதி முறை வந்தது. ஒரு வாகனத்துக்கு ஒரு கியூஆர் குறியீடு, வாரத்துக்கு இவ்வளவு என்ற அளவு. செட்டில் இருந்தவர் குறியீட்டை வருடிப் பார்த்தார். பங்கு தீர்ந்திருந்தால் அமைப்பே மறுத்துவிட்டது. எந்த ஊர் செட்டுக்குப் போனாலும் கணக்கு ஒன்றாகவே இருந்தது. குறியீட்டைக் காகிதத்தில் அச்சிட்டு வைத்துக்கொண்டாலே போதுமாக இருந்தது, சாரதியிடம் ஸ்மார்ட் போன் இருக்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை. சிக்கலை அமைப்புக்குள் வைத்துக்கொண்டு, மக்கள் கையில் ஒரு துண்டுக் காகிதத்தை மட்டும் கொடுத்த வடிவமைப்பு அது.

எல்லாத் தவறையும் பூட்டித் தடுக்க முடியாது. அங்கே மீளும் வழி வேண்டும். 2018 ஜனவரி 13 காலை 8.07க்கு, ஹவாய் தீவு மக்களின் போன்களுக்கு ஏவுகணை வருகிறது என்ற பொய்யான அவசரச் செய்தி போனது. அனுப்பிய ஊழியர் அது பயிற்சி என்று அறியாமல் உண்மை என்றே நம்பினார் என விசாரணை சொன்னது. அவர் தவறைவிடப் பெரிய குறை, ‘அது பொய்’ என்று அறிவிக்கும் செய்தி ஆயத்தமாக இல்லாததுதான். திருத்தச் செய்தி போன்களுக்குப் போய்ச் சேர 38 நிமிடம் ஆனது. ஜிமெயிலோ 2015 முதல், அனுப்பிய மடலைச் சில விநாடிகள் பிடித்துவைத்து, திரும்பப் பெறும் வசதியை எல்லோருக்கும் தருகிறது. இந்தியாவின் யுபிஐ பணப் பரிமாற்ற முறையில் பணம் போவதற்கு முன் பெறுபவரின் பெயர் தெரிகிறது; 2025 நடுப்பகுதி முதல் அது வங்கியில் பதிவான பெயராகவே இருக்க வேண்டும் என்று விதித்திருக்கிறார்கள்.

ஆகவே வடிவமைப்புக் குழுக்கள் ஒவ்வொரு திரைக்கும் இந்த வரிசையில் கேட்டுப் பார்க்கலாம். இந்தத் தவறை நடக்கவே விடாமல் செய்ய முடியுமா? முடியாவிட்டால், பொத்தானை அழுத்துவதற்கு முன் தொகையையும் பெயரையும் பெரிதாகக் காட்டுகிறோமா? அழுத்திய பின் திரும்ப வழி இருக்கிறதா? இந்த மூன்றுக்கும் விடை கிடைத்த பிறகுதான் எச்சரிக்கை வாசகம். அதுவும் மூன்று மொழியில். விடைகளைக் கொழும்பு அலுவலக மேசையில் சரிபார்த்தால் போதாது. ஹட்டனிலோ நானுஓயாவிலோ ஒரு ரீலோட் கடை ஓரத்தில் நின்று, ஐந்து பேர் அந்தத் திரையைத் தாங்களாகவே பயன்படுத்துவதைப் பேசாமல் பார்த்தாலே பெரிய குறைகளில் பல வெளிப்பட்டுவிடும்.

வாசகர்களிடமும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ஒரு செயலியில் பணமோ தேதியோ தவறிப்போனால், உங்கள் மீது பழி போட்டுக்கொண்டு சும்மா இருந்துவிடாதீர்கள். திரையைப் படம் பிடித்து, எந்த இடத்தில் என்ன நடந்தது என்று தமிழிலேயே எழுதி அந்த நிறுவனத்துக்கு அனுப்புங்கள். திருத்தப்பட வேண்டியது அந்தத் திரை.

(அடுத்த வாரம்: தமிழ்ச் சொல் நீண்டால் பொத்தான் ஏன் உடைகிறது?)