அலைகடல் ஆற்றலும் அரசின் துணையும்

கடலிலிருந்து மின்னாற்றல் பெறும் வழிகளுள் தலையாயவை மூன்று. ஓதம் ஏறி இறங்குவதால் பிறக்கும் ஆற்றல் ஒன்று. காற்றால் எழும் அலைகளின் ஆற்றல் மற்றொன்று. வெயிலால் சூடேறிய மேல்நீருக்கும் குளிர்ந்த ஆழ்நீருக்கும் உள்ள வெப்ப வேறுபாட்டால் கிடைப்பது மூன்றாவது. இம்மூன்றும் நிலக்கரியும் எண்ணெயும் போல எரித்துத் தீர்க்கப்படுபவை அல்ல. அங்ஙனமாயின் உலகெங்கும் கடலாற்றல் நிலையங்கள் மல்கியிருத்தல் வேண்டுமே, ஏன் இல்லை என்னும் வினா எழுகின்றது. இதற்குரிய விடையைப் பொறியியலில் மட்டும் தேடினால் கிடைக்காது. அரசுகளின் வரவுசெலவுத் திட்டங்களிலும் தேடுதல் வேண்டும்.

முதற்கண் ஓர் உண்மையை நோக்குவோம். உலகின் பெரிய ஓத மின்நிலையங்கள் இரண்டே. பிரான்சு நாட்டின் ரான்ஸ் ஆற்று முகத்தில் 1966இல் இயங்கத் தொடங்கிய 240 மெகாவாட் நிலையம் ஒன்று. தென் கொரியாவின் சிஹ்வா ஏரியில் 2011இல் தொடங்கிய 254 மெகாவாட் நிலையம் மற்றொன்று. முன்னதை அந்நாட்டு அரசுடைமை மின்கழகமும், பின்னதை அரசின் நீர்வளக் கழகமும் கட்டின. இலாபம் காணப் பல்லாண்டு பொறுத்திருக்கும் ஆற்றல் தனியார் முதலுக்கு எளிதில் வாய்ப்பதில்லை.

அரசின் துணை எவ்வாறு ஆக்கவும் கெடுக்கவும் வல்லது என்பதற்குப் பிரிட்டன் ஏற்ற சான்றாகும். 1973ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடி அந்நாட்டை உலுக்கியது. அடுத்த ஆண்டே எடின்பரோப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்டீபன் சால்ட்டர், அலையில் வாத்துப்போல் தலையசைத்து ஆற்றலை உறிஞ்சும் ஒரு பொறியை ‘நேச்சர்’ இதழில் விளக்கினார். அரசு நிதி வழங்கியது. பல்கலைக்கழகங்கள் பல ஆய்வில் இறங்கின. ஆனால் எண்ணெய் நெருக்கடியின் அச்சம் தணிந்ததும் ஆர்வமும் தணிந்தது. 1982இல் அத்திட்டத்தின் நிதி பெரும்பாலும் நிறுத்தப்பட்டது. தம் பொறியின் மின்செலவு மிகைப்படக் கணிக்கப்பட்டது என்று சால்ட்டர் பின்னர் வன்மையாக வாதிட்டார். அலைத்திட்டத்தின் மேற்பார்வை அணுவாற்றல் ஆணையத்தின் ஹார்வெல் வளாகத்தில் அமைந்திருந்தது என்பதையும் நாம் இங்கே கருதிப் பார்க்கலாம்.

மீண்டும் அரசு கைகொடுத்தது புத்தாயிரத்தில். 2003இல் ஆர்க்னித் தீவுகளில் ஐரோப்பியக் கடலாற்றல் மையம் நிறுவப்பட்டது. இம்மையம் செய்த உதவி எளிமையானது, ஆயினும் பெரிது. கடலடி மின்வடமும் கரைநிலையமும் அளவைக் கருவிகளும் பொதுச் செலவில் முன்னரே அமைக்கப்பட்டன. புதுப்பொறி படைப்போர் தம் கருவியைக் கொணர்ந்து அங்கே இணைத்துச் சோதித்துக்கொள்ளலாம். பாம்பு வடிவினதாகிய பெலாமிஸ் என்னும் அலைப்பொறி 2004இல் அங்குத்தான் மின்வலையோடு இணைந்தது. எனினும் சோதனைக்கும் வாணிகத்திற்கும் இடையே ஓர் அகழி உண்டு. அதனைத் தாண்ட இயலாமல் அந்நிறுவனம் 2014இல் நொடித்தது. ஸ்காட்லாந்து அரசு தனி அமைப்பு ஒன்றை உருவாக்கி, அந்நிறுவனத்தின் ஆய்வுச் செல்வம் சிதறிப்போகாமல் வாங்கிக் காத்தது. பொறி மூழ்கினாலும் அறிவு மூழ்கலாகாது என்று கருதிய இச்செயலை நாம் பெரிதும் மதிக்கின்றோம்.

அரசின் துணை இருவகைப்படும். ஆய்வுக்கு நிதி வழங்குதல் ஒன்று. விளைந்த மின்சாரத்தை உறுதியான விலைக்கு வாங்குதல் மற்றொன்று. உழவர்க்கு விதைக்கடன் கொடுப்பதையும் விளைந்த நெல்லைக் குறித்த விலைக்குக் கொள்முதல் செய்வதையும் இவற்றிற்கு ஒப்பிடலாம். பிரிட்டனில் 2022ஆம் ஆண்டு நடந்த மின்கொள்முதல் ஏலத்தில் ஓத நீரோட்ட மின்சாரத்திற்கென ஆண்டுக்கு 2 கோடி பவுண்டு தனியே ஒதுக்கப்பட்டது. ஏறத்தாழ 41 மெகாவாட் அளவிற்கு ஒப்பந்தம் கிட்டியது. விலை மெகாவாட் மணிக்கு 178.54 பவுண்டு. அதே ஏலத்தில் கடற்காற்றாலை மின்சாரம் 37.35 பவுண்டுக்கே கிடைத்தது. இவ்விரு விலைகளும் 2012ஆம் ஆண்டின் பணமதிப்பில் கூறப்படுபவை.

ஐந்து மடங்கிற்கு அணித்தான விலை கொடுத்து ஏன் வாங்குதல் வேண்டும் எனச் சிலர் வினவுவர். வினா நேர்மையானதே; மக்கள் வரிப்பணத்திற்குக் கணக்கு வேண்டும். ஆனால் கடற்காற்றாலைக்கும் 2015ஆம் ஆண்டு ஏலத்தில் 114 பவுண்டுக்கு மேல்தான் விலை. தொடர்ந்து கட்டக் கட்ட விலை இறங்கிற்று. பிற்காலத்தில் பொருள் விலையேற்றத்தால் ஓரளவு மீண்டும் ஏறியது. மேலும், காற்று எப்பொழுது ஓயும் என்று எவரும் அறியார். ஓதத்தின் ஏற்றமும் இறக்கமுமோ திங்களின் இயக்கத்தைக் கொண்டு பல்லாண்டுக்கு முன்னரே கணிக்கத்தக்கவை. இம்முன்னறிவிற்கும் ஒரு விலை உண்டு.

இனி நம் நாட்டு நிலையைக் காண்போம். கடல் வளர்ச்சித் துறை 1981இல் தோற்றுவிக்கப்பட்டது. அதன் நிதியுதவியோடு சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தார் திருவனந்தபுரத்தை அடுத்த விழிஞ்ஞத்தில் 150 கிலோவாட் அலை மின்நிலையம் ஒன்றை 1991இல் இயக்கினர். மீன்பிடித் துறைமுக அலைதடுப்புச் சுவரையொட்டிக் கடலில் இறக்கிய பெருங் கற்காரைப் பேழை அது. அதனுள் அலை ஏறுங்கால் காற்று மேலே உந்தப்படும். இறங்குங்கால் உள்ளே இழுக்கப்படும். காற்று எத்திசையிற் சென்றாலும் ஒரே திசையிற் சுழலும் வெல்ஸ் சுழலி அதன் உச்சியில் இருந்தது. பருவமழைக் காலத்தில் மின்சாரம் மிகுந்தது. கடல் அமைந்த திங்கள்களில் குன்றியது. பின்னாளில் உவர்நீரை நன்னீராக்கவும் அம்மின்சாரம் பயன்பட்டது. ஆயினும் அடுத்த பெரிய நிலையம் எழவில்லை. நாளடைவில் விழிஞ்ஞமும் கைவிடப்பட்டது. மேற்கு வங்கத்தின் துர்காதுவானியில் திட்டமிட்ட 3.75 மெகாவாட் ஓத மின்நிலையமும் செலவு மிகுதி என்று நிறுத்தப்பட்டது.

1993இல் சென்னையில் நிறுவப்பெற்ற தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம் வெப்ப வேறுபாட்டு முறையைக் கையிலெடுத்தது. 1 மெகாவாட் ஆற்றலுக்கென ‘சாகர் சக்தி’ என்னும் மிதவை கட்டப்பட்டுத் தூத்துக்குடிக்கு அப்பால் நிறுத்தப்பட்டது. ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நீளக் குழாயை ஆழ்கடலில் இறக்கிக் குளிர்நீரை மேலேற்ற வேண்டும். அக்குழாயை நிலைநிறுத்தும் முயற்சி தோற்றது. தோல்வி என்று ஏளனம் செய்தல் எளிது. அதே அறிவைக் கொண்டு அக்கழகத்தார் 2005இல் இலட்சத்தீவின் கவரத்தியில் நாளொன்றுக்கு ஒரு இலட்சம் லிட்டர் நன்னீர் தரும் நிலையம் அமைத்தனர். குறைந்த அழுத்தத்தில் வெதுவெதுப்பான மேல்நீர் ஆவியாகும். ஆழ்நீரின் குளிர்ச்சியால் அவ்வாவி குடிநீராகும். கிணற்று நீரிலும் உப்பேறிய தீவு மக்களுக்கு இஃது எத்தகைய பேறு என்பதைக் கடற்கரையூரார் உணர்வர். 2011இல் மினிக்காயும் அகத்தியும் இப்பயனைப் பெற்றன.

2019இல் நடுவண் அரசு ஓதம், அலை, கடல்வெப்பம் மூன்றையும் புதுப்பிக்கத்தக்க ஆற்றலாக அறிவித்தது. மின்வாரியங்கள் கட்டாயமாக வாங்கவேண்டிய பங்கில் கடல் மின்சாரத்தையும் சேர்த்துக்கொள்ள இதனால் வழி பிறந்தது. ஆனால் பிரிட்டனைப்போல் அதற்கெனத் தனி விலையோ தனி ஒதுக்கீடோ அவ்வறிவிப்பில் இல்லை. மலிவான சூரிய மின்சாரம் அருகிருக்க, விலைமிக்க கடல் மின்சாரத்தை எவ்வாரியம் தேடிச் செல்லும்? ஆய்வுக் களத்தில் மட்டும் அசைவு தெரிகின்றது. 2022 நவம்பரில் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தார் ‘சிந்துஜா’ என்னும் அலைப்பொறியைத் தூத்துக்குடிக் கடலில் சோதித்தனர். 2021இல் ஏற்பளிக்கப்பட்ட 4,077 கோடி ரூபாய் ஆழ்கடல் இயக்கத்தில் கடலிலிருந்து ஆற்றலும் நன்னீரும் பெறுதல் ஓர் உறுப்பாக இடம்பெற்றது. கவரத்தியில் கடல்வெப்பத்தால் இயங்கும் 65 கிலோவாட் மின்நிலையம் வகுக்கப்பட்டதும் அவ்வழியிலேயே. அத்தீவுகளின் நன்னீர் நிலையங்கள், பெருநிலத்திலிருந்து கப்பலேறி வரும் டீசலைக் கொண்டே இயக்கப்பட்டு வந்தன. அந்த டீசலுக்கு மாற்றாகக் கடலையே கொள்வதுதான் அம்மின்நிலையத்தின் நோக்கம்.