வீட்டிற்கு அப்பால் ஒரு பிறந்தநாள்

ஒக்கலிபுரத்திலிருந்து மெஜஸ்டிக் சென்று ஊதா வழி மெட்ரோவில் ஏறினால், சிறிது நேரத்தில் அல்சூரை அடையலாம். அங்கு ஏரிக்கரையை ஒட்டி அமைந்துள்ள பெரிய படைமுகாம், மதராஸ் பொறியாளர் படைப்பிரிவின் தலைமையிடமாகும். மக்கள் இப்படையினரை ‘மதராஸ் சாப்பர்ஸ்’ என்று அழைப்பர். பாலம் கட்டுதல், பாதை அமைத்தல், மண்ணில் புதைக்கப்பட்ட கண்ணிவெடிகளை அகற்றுதல் ஆகியன இவர்களின் பணிகள்.

இப்படைக்கும் ஒரு பிறந்தநாள் உண்டு. 1780ஆம் ஆண்டு செப்டம்பர் 30ஆம் நாள் சென்னையில் இரண்டு சிறு அணிகளாக இது தொடங்கப்பெற்றது; 1834இல் பெங்களூருக்கு வந்தது. ஆண்டுதோறும் அந்நாளில் உயிர்நீத்த வீரர்களுக்கு மலர்வளையம் வைப்பர். பின்னர் ‘படாகானா’ நடைபெறும். படாகானா என்பது இந்திச் சொல். ‘பெரிய விருந்து’ என்பது அதன் பொருள். உயர் அதிகாரியும் நேற்றுச் சேர்ந்த வீரரும் அன்று ஒன்றாக அமர்ந்து உண்பர். நாள்தோறும் ‘வணக்கம் ஐயா’ என்று விறைத்து நிற்கும் இளைஞருக்கு, அதிகாரியே தம் கையால் பரிமாறுவதும் உண்டு.

கடல் கடந்து சென்றாலும் படையினர் தங்கள் படையின் பிறந்தநாளை மறப்பதில்லை. முதல் உலகப்போரில் மெசபொட்டேமியாவிற்கும், இரண்டாம் உலகப்போரில் ஆப்பிரிக்கா, இத்தாலி, பர்மா ஆகிய இடங்களுக்கும் மதராஸ் சாப்பர்கள் சென்றனர். இன்று இந்திய வீரர்கள் ஐக்கிய நாடுகள் அமைப்பின் அமைதிப்படையில் சேர்ந்து, தென் சூடான், லெபனான் போன்ற நாடுகளில் பணியாற்றுகின்றனர். பெரும்பாலும் ஓராண்டு அங்கே தங்குவர். அவ்வோராண்டிற்குள் ஒவ்வொரு வீரருடைய பிறந்தநாளும் ஒருமுறை வந்துவிடும் அல்லவா?

அந்நாள் எப்படிக் கழியும்? காலையில் வழக்கமான பணி, அதில் விடுப்பில்லை. மாலையில்தான் கொண்டாட்டம். படையினர் தங்கள் சமையற்கூடத்தை ‘லங்கர்’ என்பர். அங்கு ரவையும் சர்க்கரையும் எப்போதும் இருக்கும். ஆதலால் கேசரிக்குப் பஞ்சமில்லை. கேக் கிடைத்தால் வெட்டுவர். கிடைக்காவிட்டால் கேசரியே கேக் ஆகிவிடும். தமிழர், கன்னடர், தெலுங்கர், மலையாளிகள் எனப் பலரும் கலந்த படை என்பதால் வாழ்த்துப்பாட்டும் நான்கு மொழிகளில் ஒலிக்கும். எந்த மொழியில் பாடுவது என்ற வழக்கே அங்கு எழாது. இது பெங்களூரில் வாழும் உங்களுக்குப் புதிதன்று.

நம் வீடுகளில் பிறந்தநாள் இருவகைப்படும். ஒன்று பள்ளிச் சான்றிதழில் உள்ள தேதி. மற்றொன்று தாய் நினைவில் வைத்திருக்கும் தமிழ் மாதமும் நட்சத்திரமும். படையின் பதிவேட்டில் இருப்பது தேதி மட்டுமே. எனவே அத்தேதியில் நண்பர்கள் கேசரி கிளறுவர். நட்சத்திரம் வரும் நாளிலோ, ஊரில் தாய் மகன் பெயருக்கு அர்ச்சனை செய்வார். மகனுக்கு அன்று நட்சத்திரம் என்பது நினைவில் இல்லாமலும் போகலாம்.

மதராஸ் சாப்பர் வீரர்களுக்குத் ‘தம்பி’ என்ற செல்லப்பெயர் உண்டு. அதிகாரி பஞ்சாபியராக இருப்பினும் இச்சொல்லை அறிவார். வெறும் அழைப்புச் சொல்லாக மட்டும் இதனைக் கருதலாகாது. காஞ்சிபுரம் பகுதியைச் சேர்ந்த சுபேதார் சுப்பிரமணியம் இப்படையில் பணியாற்றியவர். 1944 பிப்ரவரியில் இத்தாலியில் அவருடைய அணி கண்ணிவெடிகளை அகற்றிக்கொண்டிருந்தது. அப்போது ஒரு வெடியின் திரி இயங்கத் தொடங்கியது. வெடிப்பதற்குச் சில நொடிகளே இருந்தன. அவர் அதன்மேல் பாய்ந்து தம் உடலால் மறைத்து, உடனிருந்தோரைக் காப்பாற்றி உயிர்நீத்தார். அவருக்கு மறைவுக்குப்பின் ‘ஜார்ஜ் கிராஸ்’ விருது வழங்கப்பட்டது. ஒரே லங்கரில் உண்டவர்களுக்காக அவர் செய்த செயல் அது.

முற்காலத்தில் கடிதம் ஒன்றே வாழ்த்துச் சொல்லும் வழி. வீரரின் எண், பெயர், படைப்பிரிவு, ‘56 ஏ.பி.ஓ.’ என்னும் படை அஞ்சலகக் குறியீடு ஆகியவற்றை மட்டுமே உறையில் எழுதுவர். அவர் இருக்கும் இடம் உறையில் இராது. பிறந்தநாளுக்கென எழுதிய கடிதம் சில வாரங்கள் கழித்து வந்து சேர்வதும் உண்டு. அதைப் பெற்றவர் உரக்கப் படிப்பார். கடிதம் வராத நண்பரும் உடனிருந்து கேட்பார்.

இன்று கைபேசி வந்துவிட்டது. தென் சூடானின் கடிகாரம் நம்முடையதைவிட மூன்றரை மணி நேரம் பின்தங்கியிருக்கும். பெங்களூரில் நள்ளிரவு பன்னிரண்டு மணி அடிக்கும்போது அங்கே இரவு எட்டரை மணி. தேதி இன்னும் மாறியிராது. ஆகவே, விழித்திருந்து அழைக்கும் பிள்ளைகளின் வாழ்த்து, அப்பாவின் பிறந்தநாளுக்கு முந்தைய இரவிலேயே, அவர் தட்டோடு லங்கரில் அமர்ந்திருக்கும் வேளையில் அவரைச் சென்றடையும். கைபேசி அவர் கையிலிருந்து பக்கத்தில் இருப்பவர் கைக்கு மாறும், அவரும் அந்தப் பிள்ளைகளிடம், “சாப்பிட்டீர்களா?” என்று கேட்பார்.