பழைய கம்பியூட்டரைத் தூக்கிப் போடாதீங்க!

பிள்ளை படிக்கட்டும் என்று வாங்கிய கம்பியூட்டர் பல தோட்ட வீடுகளில் மூலையில் கிடக்கிறது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 ஒக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 பழைய மெஷின்கள் பலவற்றில் ஏறாது. அதற்காகக் கடன்பட்டுப் புதுசு வாங்க வேணாம்.

லினக்ஸ் மின்ட் காசில்லாமல் கிடைக்கும். 4 ஜீபி நினைவகம் இருந்தால் போதும். கடிதம், கணக்கு எழுத லிப்ரே ஒபிஸ் கூடவே வரும். சும்மா கிடைப்பது மட்டமாகத்தான் இருக்கும் என்று நினைக்காதீங்க. 2004 சுனாமிக்குப் பிறகு காணாமற்போனவர்களைப் பதிய நம் நாட்டு ஆட்கள் எழுதிய ‘சஹானா’வும் இப்படி எல்லாருக்கும் திறந்துவிட்ட மென்பொருள்தான்.

முதலில் பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பாருங்க. பிரிண்டரும் வைபையும் வேலை செய்கிறதா என்று அப்போதே தெரிந்துவிடும். பிடித்தால் மட்டும் உள்ளே ஏற்றுங்க. ஏற்றும்போது பழையதெல்லாம் அழிந்துபோகலாம். ஆகவே படங்கள், பிள்ளையின் பாடக் குறிப்புகள், ஈபிஎப் கடிதங்கள் எல்லாவற்றையும் வேறொரு டிரைவில் எடுத்து வையுங்க. பாமினியில் அடித்தவை இருந்தால் அந்த எழுத்துருவும் வேணும். இல்லாவிட்டால் தமிழ், இங்கிலீஷ் எழுத்தாகக் குழம்பித் தெரியும்.

கடற்காற்றில் பழுதான ஹார்ட் டிஸ்க்கை லினக்ஸ் சரியாக்காது. சாதாரண தரப் பரீட்சை நெருங்கும் நேரத்திலும் இந்த வேலையைத் தொடாதீங்க, விடுமுறையில் செய்யலாம்.