செப்டிக் டேங்க்: லாரி வரட்டும், ஆள் இறங்க வேண்டாம்!

ஓசூரில் கம்பெனி வேலை, நாட்றாம்பாளையத்தில் சொந்த வீடு. லீவுக்கு ஊருக்குப் போனால் டாய்லெட்டில் தண்ணி இறங்கலை. "ஆளை இறக்கி அள்ளிடலாம்"னு யாராவது சொன்னால், உடனே தடுங்க!

செப்டிக் டேங்கில் கசடு அடியில் படியும். எண்ணெய்ப் பசை மிதக்கும். நடுவில் உள்ள நீர்தான் வெளியேறும். கசடை மட்கவைப்பது பாக்டீரியாக்கள். ஆசிட், பிளீச்சிங் பவுடரை அள்ளிக் கொட்டினால் அவை செத்துப்போகும். நாப்கின், டயப்பர் போட்டால் குழாய் அடைக்கும்.

நிறைந்து வழியும்வரை காத்திருக்காதீங்க. 2-3 வருஷத்துக்கு ஒருமுறை லாரி வரவழைத்து, கசடை உறிஞ்சி எடுத்துடுங்க. அடியில் கொஞ்சம் கசடு மிஞ்சினால் நல்லதுதான். பாக்டீரியா மறுபடி பெருக அது உதவும். அதனால், உள்ளே இறங்கித் தேய்த்துக் கழுவத் தேவையே இல்லை. எடுத்த கழிவை எங்கே கொட்டுவாங்கன்னும் கேளுங்க. ஏரி, ஓடை கூடவே கூடாது.

மூடியைத் திறந்ததும் எட்டிப் பார்க்காதீங்க; தீக்குச்சி உரசாதீங்க. மீத்தேன் பற்றிக்கொள்ளும். ஹைட்ரஜன் சல்ஃபைடு அழுகின முட்டை மாதிரி நாறும். அளவு கூடினால் அந்த நாற்றமே மூக்குக்குத் தெரியாது. ஒருத்தர் மயங்கினால், காப்பாற்ற இறங்குபவரும் சாகலாம். இறங்காமல் 112-க்கு போன் பண்ணுங்க.

பாதுகாப்பில்லாமல் ஆளை இறக்குவது 2013-ம் ஆண்டு சட்டப்படி குற்றம். முதல் முறைக்கே 2 ஆண்டு வரை சிறை அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். வீட்டு ஓனருக்கும் இது பொருந்தும். லாரி வாடகையை மிச்சம் பிடிக்க, ஒரு உயிரைப் பணயம் வைக்கலாமா?