இணையதளத்துக்கு இடம் பிடிப்பது எப்படி?

பிரான்சு நாட்டில் ஸ்ட்ராஸ்பர்க் என்று ஒரு நகரம் உண்டு. ரைன் நதிக்கரையில் இருக்கிறது. நதியைத் தாண்டினால் ஜெர்மனி.

2021-ம் ஆண்டு மார்ச் 10-ந் தேதி. நள்ளிரவு கழிந்து முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும். அங்கே 5 மாடிக் கட்டிடம் ஒன்றில் தீப்பிடித்தது.

சுமார் 100 தீயணைப்பு வீரர்கள் போராடினார்கள். நதியில் இருந்து தண்ணீரை இறைத்து அடிக்க ஒரு படகும் வந்தது. ஆனாலும் பயன் இல்லை. கட்டிடம் முழுவதும் எரிந்து நாசமாகிவிட்டது.

நல்ல வேளையாக, யாருக்கும் காயம் இல்லை.

ஆனால் அன்று காலை லட்சக்கணக்கான இணையதளங்கள் திறக்கவே இல்லை. மொத்தம் 36 லட்சம் தளங்கள் முடங்கின என்று கணக்கிட்டார்கள்!

எரிந்தது ஒரு கட்டிடம். அதற்கு ஏன் இத்தனை தளங்கள் முடங்க வேண்டும்?

வாடகை வீடு

இணையதளம் ஆகாயத்தில் தொங்குவது அல்ல. அதில் உள்ள எழுத்து, படம், கணக்கு எல்லாம் ஏதோ ஓர் ஊரில், ஏதோ ஒரு கம்ப்யூட்டருக்குள் இருக்கின்றன. அந்தக் கம்ப்யூட்டருக்குப் பெயர் 'சர்வர்'.

சர்வர் இரவும் பகலும் ஓட வேண்டும். மின்சாரம் நிற்கக் கூடாது. சூடு ஏறக் கூடாது. இதை எல்லோரும் வீட்டில் வைத்து நடத்த முடியுமா? முடியாது. ஆகவே அதில் இடத்தை மட்டும் வாடகைக்கு எடுக்கிறார்கள். இப்படி இடம் கொடுக்கும் தொழிலுக்குத்தான் 'வெப் ஹோஸ்டிங்' என்று பெயர்.

ஒரே சர்வரில் நூற்றுக்கணக்கான தளங்கள் ஒண்டுக்குடித்தனம் நடத்துவதும் உண்டு. அதில் வாடகை குறைவு.

ஸ்ட்ராஸ்பர்க்கில் எரிந்தது அப்படிப்பட்ட சர்வர்கள் நிறைந்த கட்டிடம். அது 'ஓ.வி.எச்.' என்ற பிரெஞ்சுக் கம்பெனிக்குச் சொந்தமானது. 1999-ல் தொடங்கிய கம்பெனி. ஐரோப்பாவில் பெரிய பெயர் பெற்றது.

அந்தக் கட்டிடத்தில் தீயைத் தானாக அணைக்கும் கருவி இல்லை என்று தீயணைப்புப் படையின் அறிக்கை பின்னர் கூறியது. மின்சாரத்தை ஒரேயடியாக நிறுத்தும் வழியும் இல்லையாம்!

பெரிய கம்பெனி என்பதால் மட்டும் நம்பிவிட முடியாது என்பதற்கு இது ஓர் உதாரணம்.

நகலும் எரிந்தது!

வேறு ஊரில் நகல் வைத்திருந்தவர்கள் தப்பித்தார்கள். தளத்தை மறுபடியும் எழுப்பிக்கொண்டார்கள்.

நகல் இல்லாதவர்கள் கதி? 'ரஸ்ட்' என்ற கம்ப்யூட்டர் விளையாட்டை நடத்தியவர்களுக்கு 25 சர்வர்கள் போயின. அவற்றில் இருந்த தகவல் எதுவும் திரும்பவில்லை.

இன்னொரு கம்பெனியின் கதை இதைவிட வேதனையானது. அது நகல் எடுத்து வைப்பதற்கும் சேர்த்தே பணம் கட்டி இருந்தது. ஆனால், அந்த நகலும் அதே இடத்தில்தான் இருந்தது. இரண்டும் ஒன்றாக எரிந்தன!

வீட்டுப் பத்திரத்துக்கு நகல் எடுத்து, இரண்டையும் ஒரே பெட்டியில் வைத்துப் பூட்டியது போல் ஆயிற்று.

விவகாரம் கோர்ட்டுக்குப் போனது. நகலைத் தனியாக வைப்பதாக ஒப்பந்தம் இருந்ததால், நஷ்டஈடு கொடுக்கும்படி 2023-ல் வர்த்தகக் கோர்ட்டு தீர்ப்புக் கூறியது. பணம் கிடைக்கலாம். எரிந்த கணக்கு கிடைக்குமா?

கேட்க வேண்டிய 5 கேள்விகள்

இன்று சின்னக் கடைக்காரர் முதல் பள்ளிக்கூடம் வரை தளம் வைத்திருக்கிறார்கள். இடம் பிடிக்கும் முன்பு இந்தக் கேள்விகளைக் கேளுங்கள்.

1. நகல் எங்கே இருக்கிறது? "நாங்கள் நகல் எடுக்கிறோம்" என்ற பதில் போதாது. அதே கட்டிடத்திலா, வேறு ஊரிலா? எத்தனை நாளுக்கு ஒரு தடவை? திரும்பக் கேட்டால் தனிக் கட்டணம் உண்டா? பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

2. எவ்வளவு நேரம் தளம் நிற்கும்? "நூற்றுக்கு 99.9 பங்கு நேரம் ஓடும்" என்பார்கள். ஆண்டுக்கு 8,760 மணி நேரம். கணக்குப் போட்டால், ஏறக்குறைய 9 மணி நேரம் நிற்கலாம் என்று அர்த்தம். வெறும் 99 என்றால் மூன்றரை நாளுக்கு மேல் நிற்கலாம்! சிறிய புள்ளிதான், வித்தியாசம் பெரிது. தளம் நின்றால், பெரும்பாலும் வாடகையில்தான் கொஞ்சம் கழிப்பார்கள். வியாபார நஷ்டத்தைக் கொடுக்க மாட்டார்கள்.

3. இரண்டாவது ஆண்டு வாடகை என்ன? முதல் ஆண்டு மிக மலிவாக இருக்கும். அடுத்த ஆண்டு இரண்டு, மூன்று மடங்கு ஆவதும் உண்டு.

4. பெயர் யார் பேரில் பதிவாகிறது? தளத்தின் பெயர்தான் அதன் விலாசம். அது உங்கள் பேரில் இருந்தால், எந்த நாளும் வீடு மாற்றிக்கொள்ளலாம். தளம் கட்டிக் கொடுத்தவர் பேரில் இருந்தால், அவர் தயவை எதிர்பார்க்க வேண்டி வரும்.

5. ராத்திரி கூப்பிட்டால் ஆள் கிடைக்குமா? பணம் கட்டும் முன்பே ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு போன் செய்து பாருங்கள். அப்போதே பதில் இல்லை என்றால், ஆபத்தில் எங்கே வரப்போகிறது?

கையில் ஒன்று

எல்லாக் கேள்விக்கும் நல்ல பதில் வந்தாலும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. மாதம் ஒரு தடவையாவது தளத்தின் முழு நகலை எடுத்து, உங்கள் வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள். தினமும் கணக்கு ஏறும் கடை என்றால் தினமும் எடுப்பது நல்லது.

எடுத்த நகல் திறக்கிறதா என்று சோதித்துப் பார்ப்பதும் முக்கியம். திறக்காத நகல், இல்லாத நகலுக்குச் சமம்.

வாடகை வீடு எரிந்தால் வேறு வீடு பார்க்கலாம். உள்ளே இருந்த பொருள் உங்களுடையது. அதைக் காப்பாற்றும் பொறுப்பு வீட்டுக்காரருக்கு மட்டும் அல்ல, உங்களுக்கும் உண்டு!