லேசான குண்டு... ஓடிப்போன மான்!

தீபாவளி இரவில் வானத்தில் பூவாக விரியும் பேன்சி வெடியின் சூட்சுமம், சிவகாசியை ஒட்டிய விஸ்வநத்தம் பக்கத்துப் பட்டாசுத் தொழிலாளர்களுக்கு அத்துப்படி. குழாயின் அடியில் மருந்து, அதன் மேல் குண்டு, பற்றவைக்க ஒரு திரி. மருந்து எரிந்து கிளம்பும் வாயு குண்டை மேலே தள்ளுகிறது. மருந்து குறைந்தால் குண்டு உயரம் போகாமல் தலைக்கு மேலேயே வெடிக்கும். கூடினால் குழாயே கிழியும். குண்டின் எடைக்கு ஏற்ற மருந்து, அவ்வளவுதான் கணக்கு.

துப்பாக்கியின் கதையும் இதே குழாயில்தான் தொடங்குகிறது. பின்பக்கமாகத் தோட்டா போடும் வசதி வருவதற்கு முன், வாய்வழியாக மருந்தைக் கொட்டி, குண்டைப் போட்டு, கம்பியால் இடித்து இறுக்கினார்கள். இலங்கைத் தமிழர்கள் இதற்கு வைத்த பெயர் ‘இடியன்’. கேட்டவுடனே விளங்கிவிடும் அழகான பெயர்! நம்மூரில் நாட்டுத் துப்பாக்கி. வெடியுப்பு, கரி, கந்தகம் மூன்றும் சேர்ந்த கருமருந்துதான் இதற்கும் தீனி.

அமெரிக்காவில் இந்தப் பழைய துப்பாக்கிக்கு இன்றும் மவுசு இருக்கிறது. பல மாநிலங்களில் மான் வேட்டைக்கு உரிமம் கொடுப்பதோடு, இடித்துச் சுடும் துப்பாக்கிக்கென்றே தனிப் பருவமும் ஒதுக்குகிறார்கள். பென்சில்வேனியாவில் தீக்கல் துப்பாக்கிக்கான பருவம் 1974-ல் தொடங்கியது. கையில் இருப்பது ஒரே ஒரு குண்டு. தவறினால் அடுத்ததை இடித்து முடிப்பதற்குள் மான் மறைந்துவிடும். அதனால்தான் லேசான குண்டா, கனமான குண்டா என்று அங்கே ஓயாமல் வாக்குவாதம் நடக்கிறது.

லேசான குண்டு குழலைவிட்டு வேகமாகக் கிளம்பும். தோளில் உதையும் குறைவு. உதைக்குப் பயந்து கண்ணை மூடிக்கொள்கிற புதியவருக்கு அதுவே பெரிய உதவி. ஆனால் கிளம்பிய வேகம் நிலைப்பதில்லை. அரை அங்குலத் துப்பாக்கியில் போடும் ஈய உருண்டை சுமார் 11.5 கிராம் இருக்கும். அது 90 மீட்டர் போவதற்குள் வேகத்தில் ஏறக்குறைய பாதியை இழந்துவிடும். வேகம் பாதியானால் தாக்கும் சக்தி கால் பங்காகிவிடும். நீளவாக்கில் வார்த்த கனமான குண்டு மெதுவாகக் கிளம்பினாலும் இவ்வளவு சீக்கிரம் சோர்வதில்லை.

உருண்டையில் இன்னொரு விஷயமும் உண்டு. 11.2 மில்லிமீட்டர் ஈய உருண்டை 8.3 கிராம். அதையே 13.5 மில்லிமீட்டராக்கினால் 14.5 கிராம்! விட்டம் ஐந்தில் ஒரு பங்குதான் கூடியது. எடையோ முக்கால் பங்கு ஏறிவிட்டது. மானுக்குக் குண்டு இதற்குக் கீழே இருக்கக்கூடாது என்று சட்டமே எல்லை போடுவது இதனால்தான். பென்சில்வேனியாவில் தீக்கல் துப்பாக்கியின் குழல் 0.44 அங்குலத்துக்குக் குறையக்கூடாது.

இப்போது மெலிந்த குண்டுக்குப் பிளாஸ்டிக் உறை மாட்டி, பெரிய குழலில் போடும் வழி வந்திருக்கிறது. ஆனால் குழலுக்குள் இருக்கும் திருகு வரியும் அதற்குப் பொருந்த வேண்டும். உருண்டைக்குச் சுமார் 66 அங்குலத்துக்கு ஒரு சுற்று போதும். உறைபோட்ட குண்டுக்கு 28 அங்குலத்துக்கு ஒரு சுற்று வேண்டும். பொருந்தாத குண்டு இலக்கைவிட்டு விலகிப் பறக்கும்.

இத்தனை கணக்கும் மான் நொடியில் சாக வேண்டும் என்பதற்காக. நெஞ்சில் சரியாகப் பட்ட மான்கூடச் சில பத்து மீட்டர் ஓடித்தான் விழும். குண்டு மறுபக்கம் துளைத்து வெளியேறினால் ரத்தத் தடம் தெளிவாக விழும், தேடிப் போகலாம். லேசான குண்டு உள்ளேயே நின்றுவிட்டால் தடம் மெலிந்துவிடும். வயிற்றில் பட்டுவிட்டாலோ மணிக்கணக்கில் வேதனை. 50 மீட்டருக்குள் நெருங்கிப் போகும் பொறுமை உள்ளவருக்கு லேசான உருண்டையே போதும். பொறுமை இல்லாதவருக்கு எந்த எடையும் உதவாது.

நம்மூர்க் கள்ளவேட்டையில் இந்தக் கணக்கு எதுவும் கிடையாது. நாட்டுத் துப்பாக்கியின் குழல் வழவழப்பானது, திருகு வரி இல்லை. சிதறும் ஈய ரவையும் சைக்கிள் பால்ரஸ் குண்டும்தான் உள்ளே போகின்றன. ஒவ்வொன்றும் ஒரு கிராம், அரை கிராம். கொஞ்ச தூரத்திலேயே வேகம் வடிந்து, தோலைக் கிழித்துச் சதைக்குள் தங்கிவிடும். இருட்டில் டார்ச் வெளிச்சத்தில் சுட்டவர் ரத்தத் தடத்தைத் தேடிக்கொண்டு நிற்க முடியுமா? அடிபட்ட மான் எங்கோ புதரில் படுத்துக் கிடக்கும். குழல் வெடித்துச் சுட்டவரே கையை இழப்பதும் உண்டு.

விஸ்வநத்தத்திலிருந்து மேற்கே பார்த்தால் ஸ்ரீவில்லிபுத்தூர் மலை. 1988-ல் சாம்பல் நிற அணில்களுக்காகச் சரணாலயமான அந்தக் காடு, 2021 பிப்ரவரியில் மேகமலையோடு சேர்ந்து புலிகள் காப்பகமானது. பரப்பளவு 1,016 சதுர கிலோமீட்டர். அங்குள்ள புள்ளிமானும் மிளாவும்தான் புலிக்குச் சாப்பாடு. 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குண்டு லேசோ, கனமோ, மான் வேட்டையே குற்றம். சரணாலயத்துக்குள் என்றால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. உரிமம் இல்லாத துப்பாக்கிக்கு 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில் வழக்கு தனி. கருமருந்தை வீட்டில் இடித்துச் சேர்த்துவைத்தால் 1884-ம் ஆண்டு வெடிபொருள் சட்டமும் சேர்ந்துகொள்ளும். ஒரு வேளைக் கறிக்காக மூன்று வழக்கு! ஜாமீனுக்கும் வக்கீலுக்கும் அலைவது வீட்டில் இருக்கும் பெண்கள்தான்.